தாலிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை வரும் வரன் விளம்பரங்களை நான் விடாமல் படிப்பவள். என் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்டது, ஆனாலும் எங்கள் பங்குக் கோவிலில் தெரிந்தவர்கள் நல்ல இடமாக இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள், அதற்காகப் படிக்கிறேன். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்று போட்டு, பக்கத்திலேயே சாதியைப் போட்டு, சில பேர் உட்பிரிவையும் போட்டு, படிப்பு, சம்பளம், சொந்த வீடு, நிறம், உயரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் 'நல்ல கிறிஸ்தவக் குடும்பம்' என்று முடிக்கிறார்கள். அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முடிந்தவரை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது பெரும்பாலும் இங்கேயும் அங்கேயுமாகத்தான். ஒரே பேராயரின் கீழ் இருக்கும் ஒரே உயர்மறைமாவட்டம், ஒரே வில்லியனூர் மாதா திருவிழா, எப்படியும் சுற்றி வளைத்துச் சொந்தமாகிவிடுவோம். இவ்வளவு நெருக்கமாக இருந்தும் கல்யாணப் பேச்சு வந்தால் ஒருவருக்கொருவர் பொய் சொல்கிறோம். பையன் குடிப்பான், எப்போதாவது பார்ட்டியில் மட்டும் என்று சொல்வோம். சீட்டு எடுத்து, நகையை அடமானம் வைத்து, வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் செய்வோம், அந்தக் கடனை மருமகள் தலையில்தான் கட்டப் போகிறோம் என்பதைச் சொல்ல மாட்டோம். ஏற்கெனவே ஓர் இடத்தில் நிச்சயமாகி நின்றுபோனதைச் சொல்ல மாட்டோம். வேலை கான்ட்ராக்ட் என்பதைச் சொல்ல மாட்டோம். சாதியை மட்டும் மூன்று தலைமுறைக்குத் துருவித் துருவி விசாரிப்போம்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஊரையும் பங்கையும் சொல்லவில்லை.

பையனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார், வேலைக்குப் போனார், குணத்திலும் ஒரு குறை சொல்ல முடியாது. பெண் வீட்டில் இதைச் சொல்லவில்லை. மாத்திரையை மருமகள் பார்த்துவிடக் கூடாது என்று பையனின் அம்மா அதைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டு வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய இரவு சொந்தக்காரர்கள் கூட்டத்தில் தூக்கம் இல்லை, மறுநாள் பூசை, சாப்பாடு, சாயங்காலம் ரிசப்ஷன், அதற்கு மறுநாள் பெண் வீட்டுக்கு மறுவீடு. அங்கே யாராவது டப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று பயந்து பையன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கிளப்பிவிடும் என்பது எந்த நரம்பியல் டாக்டரைக் கேட்டாலும் முதலில் சொல்கிற விஷயம். விடியற்காலையில் மாமனார் வீட்டு ஹாலில் வந்துவிட்டது. நோயை மறைக்கப் போய் அந்த நோயையே வரவழைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், ஒருவர் பல்லுக்கு நடுவில் ஸ்பூனை விடப் பார்த்தார். இரும்பைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, வாயில் எதையாவது வைத்தால் பல்லும் உடையும், மூச்சும் அடைக்கும். சுற்றி இருக்கிற நாற்காலி, மேஜையை நகர்த்தி, தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், 5 நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். முன்பே சொல்லியிருந்தால் ஒரே சாயங்காலத்தில் அந்தப் பெண் இதைக் கற்றுக்கொண்டிருப்பாள்.

அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியம்மா, நோய் இருக்குன்னு எனக்கு வருத்தம் இல்ல. எங்க அப்பாவுக்கு சுகர், அதுக்கு எங்கம்மா விட்டுட்டா போயிட்டாங்க? அந்த டப்பாவைச் சத்து மாத்திரைன்னு நம்பி நானும் எடுத்துப் போட்டுக்கிட்டிருப்பேனே, அதைக்கூடவா அவங்க யோசிக்கல?"

அவள் அப்போது நினைக்காத இன்னொன்றும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கிற மருந்துகளில் சில, சோடியம் வால்புரோயேட் மாதிரி, கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக் கூடியவை. வலிப்பு பெண்ணுக்கு இருந்து அவள் வீட்டார் மறைத்திருந்தால்? கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். மறைத்து மறைத்துச் சாப்பிடுகிறவள் யாரோடு போய் டாக்டரைப் பார்ப்பாள்? இன்னும் பிறக்காத பிள்ளை வரைக்கும் போகிறது ஒரு பொய்.

இத்தனைக்கும் வலிப்பு கல்யாணத்துக்குத் தடையே இல்லை. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் முன்பு வலிப்பைப் பற்றி இருந்த வாசகத்தை 1999-ல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. திருச்சபைச் சட்டத்திலும் அப்படி ஒரு தடை கிடையாது. ஊர் பேசுமே என்கிற பயம் மட்டும்தான் இத்தனை மறைப்புக்கும் காரணம்.

இனி நம் விசுவாசத்துக்கு வருகிறேன். பீடத்துக்கு முன்னால் வலக்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நம் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்கிறார்கள். நோயிலும் என்று ஒரு பெண் வாக்குக் கொடுக்கிறாள், எதிரே நிற்கிறவருக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரியும், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் தெரியும், வாக்குக் கொடுக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. நற்கருணைப் பேழைக்கு எதிரிலேயே இதைச் செய்கிறோம். தெரிந்திருந்தால் அவள் ஒருவேளை மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், ஒருவேளை முழு மனதோடு சரி என்றும் சொல்லியிருக்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். அந்த உரிமையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு, பிறகு நீதான் வாக்குக் கொடுத்தாயே, பொறுத்துப் போ என்று அறிவுரை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உடனே சொல்வார்கள், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே, எல்லோரும் செய்வதுதானே, இது ஊர் வழக்கம்தானே என்று. பைபிளில் வரும் ராகேலின் அப்பா லாபானும் இதையேதான் சொன்னான். தொடக்கநூல் 29-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்கிறான், கல்யாண விருந்து நடக்கிறது, ராத்திரி இருட்டில் லாபான் மூத்த மகள் லேயாவைக் கொண்டுபோய் விடுகிறான், பொழுது விடிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு ஆள் யாரென்று தெரிகிறது. ஏன் ஏமாற்றினீர் என்று கேட்டதற்கு லாபான் சொன்ன பதில், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை என்பதுதான்.

அந்தக் கதையை மறையுரையில் யாக்கோபின் பக்கமிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அப்பாவை ஏமாற்றியவன், பார்வை மங்கிய ஈசாக்கின் முன்னால் கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு அண்ணன் என்று சொன்னவன், அவனுக்கு இது வேண்டியதுதான் என்பார்கள். எனக்கு லேயாவை நினைத்தால்தான் மனசு கேட்காது. பொய்யைத் திட்டம் போட்டது அப்பன், அதற்கான விலையைக் கொடுத்தது மகள். முதல் பிள்ளை பிறந்ததும் இனிமேலாவது என் கணவர் என்னிடம் அன்பாக இருப்பார் என்கிறாள். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகும், மூன்று மகன்களைப் பெற்றுக் கொடுத்துவிட்டேன், இப்போதாவது என்னோடு ஒட்டி இருப்பார் என்கிறாள். கரையேற்றிவிட்டேன் என்று அப்பன் நிம்மதியாகப் படுத்திருப்பான், அவள் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு முறை கணவன் மனசுக்காகக் காத்துக்கிடந்தாள். முப்பது வயதைத் தாண்டிய பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் புரளும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மறைத்துக் கட்டிக் கொடுத்தால் மாமியார் வீட்டில் ஒவ்வொரு நாளும் முழித்துக்கொண்டு கிடக்கப் போவது உங்கள் மகள்தான். என்றைக்குத் தெரியுமோ, யார் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயத்திலேயே அவள் குடும்பம் நடத்த வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொன்றைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அந்த வரன் வந்தால் நம் ஆட்கள் ஒரு கேள்வி கேட்பதில்லை. பாரிசில் வேலை என்றால் என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறார், அங்கே ஏற்கெனவே ஒருத்தியோடு வாழ்ந்து பிள்ளை இருக்கிறதா, கேட்கவே கூச்சம். எல்லோரும் அப்படி இல்லை, மரியாதையாக எல்லாவற்றையும் சொல்லிப் பெண் எடுத்து நன்றாக வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ. ஆனால் ஏமாற்றம் நடந்துவிட்டால் இங்கே உள்ள பெண் பக்கத்துத் தெரு அம்மா வீட்டுக்காவது வந்துவிடலாம், அங்கே போன பெண் பாஷை தெரியாமல், கையில் காசில்லாமல் யாரிடம் போவாள்? பெண் வீட்டாரும் சும்மா இல்லை. வெளிநாடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று மனசில் வேறொருவனை வைத்துக்கொண்டே ஒத்துக்கொள்கிற பெண்ணும் அந்தப் பையனை ஏமாற்றுகிறவள்தான்.

கோவிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கிறார்களே, அப்போது தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்கிறார்கள், அப்படிச் சொல்வது விசுவாசிகளின் கடமை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. முதல் மனைவி உயிரோடு இருப்பது, நெருங்கிய ரத்த உறவு, இந்த மாதிரி விஷயம்தான் அங்கே தடை. குடியும் கடனும் நோயும் தடைக் கணக்கில் வராது. அதோடு ஓலை வாசிக்கிற நேரத்தில் மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது, பத்திரிகை பாதி வீடுகளுக்குப் போய்விட்டது, பட்டு எடுத்தாகிவிட்டது. திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதும் அந்தக் கடைசி நேரத்தில்தான். அங்கே அருட்சகோதரியோ பயிற்சி கொடுக்கிற தம்பதியோ ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காதீர்கள் என்று சொல்லும்போது ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் கட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிற தைரியம் யாருக்கு வரும்? இரண்டு வீட்டு மானமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு தாலியைக் கட்டிவிடுவான். அதனால்தான் சொல்கிறேன், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், பூ, பழம் தட்டு மாற்றுவதற்கு முன்னால், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

தாலி ஏறிவிட்டால் கோவில் கல்யாணத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு தைரியம் நம்மவர்களுக்கு. அது முழு உண்மை இல்லை. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1098 என்று ஒரு விதி இருக்கிறது. இல்லற வாழ்வையே பெரிதும் குலைக்கக் கூடிய ஒரு விஷயத்தை, சம்மதம் வாங்குவதற்காகவே திட்டமிட்டு மறைத்து ஏமாற்றி ஒருவரைத் திருமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது அது. அதாவது அது ஆரம்பத்திலிருந்தே திருமணமாக இருக்கவில்லை என்று பொருள். இதை விசாரிக்க மறைமாவட்டத்தில் திருமண நீதிமன்றம் உண்டு, அந்த விசாரணை வருஷக்கணக்கில் இழுக்காமல் இருக்க 2015-ல் போப் பிரான்சிஸ் நடைமுறையை எளிதாக்கினார், அதுவரை இரண்டு நீதிமன்றங்களில் ஒரே மாதிரித் தீர்ப்பு வர வேண்டும் என்று இருந்ததை எடுத்துவிட்டார். அங்கே தீர்ப்பு வாங்கியதோடு அரசாங்கச் சட்டத்தில் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது, சிவில் கோர்ட்டுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். இரண்டு இடத்திலும் ஏறி இறங்கி, அந்தரங்கத்தையெல்லாம் அந்நியர் முன்னால் சொல்லி அழுகிற பெண்களையும் பையன்களையும் பார்த்தால், நிச்சயத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டுமா? இல்லை. உண்மையை அறிய உரிமை இல்லாதவரிடம் அதை வெளிப்படுத்த யாரும் கட்டாயப்பட்டவர் இல்லை என்று நம் மறைக்கல்வி நூலே சொல்கிறது, காரணமில்லாமல் அடுத்தவர் குறையை வெளியில் பரப்புவது பாவம் என்றும் சொல்கிறது. தெருவுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் கூடும் ஜெபக் கூட்டம்) ஜெபக் கருத்தாகச் சொல்ல வேண்டியதில்லை, வரன் கொண்டுவந்த எனக்கேகூடச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், முடிந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். கடவுள் மன்னித்துவிட்டார், அதில் சந்தேகம் இல்லை, சாமியாரும் அதை உயிரே போனாலும் வெளியில் சொல்ல மாட்டார். மன்னிக்கப்பட்ட பழைய காதலை நாள் கிழமையோடு விவரித்து இன்னொருவர் மனசைப் புண்ணாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கிறது என்றால், தீராத ஒரு நோய் இருக்கிறது என்றால், கட்ட வேண்டிய கடன் இருக்கிறது என்றால், அது பழைய கதை இல்லை, நாளைக்கு அந்த வீட்டில் நடக்கப் போகிற விஷயம்.

கல்யாணத்துக்காக மட்டும் ஞானஸ்நானம் வாங்குவதையும் சொல்லியாக வேண்டும். விசுவாசம் இல்லாத ஒரு பையனைக் கூட்டிவந்து, அவசரமாக நாலு ஜெபம் மனப்பாடம் செய்ய வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, கல்யாணம் ஆன மறு வாரத்திலிருந்து கோவில் பக்கமே வராமல் இருந்தால் யார் யாரை ஏமாற்றினார்கள்? மதம் மாறாமலேயே, ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்கிக் கோவிலில் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் போய் உள்ளதைச் சொன்னால் அவரே வழி சொல்வார். கடவுள் பெயரிலேயே பொய் சொல்ல வைத்துவிட்டு, பிறகு மருமகன் உண்மையாக இருக்கவில்லை என்று அழுவதில் நியாயம் இல்லை.

நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒற்றுமையாகச் சேர்ந்து பொய் சொல்வதை ஒரு சாமர்த்தியமாகவே நினைக்கிறோம். பைபிளில் திருத்தூதர் பணிகள் 5-ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பிராவும் அப்படித்தான், நிலத்தை விற்ற பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, பணமும் உன் கையில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். முழுவதையும் கொடு என்று யாரும் கேட்கவே இல்லை, பாதிதான் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. அதே மாதிரிதான், உங்கள் பையன் குறையே இல்லாதவனாக இருக்க வேண்டும் என்று எந்தப் பெண் வீட்டாரும் கேட்கவில்லை.

பங்குத்தந்தையர்களுக்கும் பங்குப் பேரவைக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தயாரிப்பு வகுப்பு இப்போது இருப்பது மாதிரியே இருக்கட்டும். அதற்கு வெகு முன்னால், வரன் ஒத்துப்போய் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி பார்க்கும்போதே, பையனும் பெண்ணும் பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேச கோவில் வளாகத்தில் ஓர் அறையும் கொஞ்ச நேரமும் கொடுங்கள், வேண்டுமானால் நம்பிக்கையான ஒரு மூத்த தம்பதி வெளியே உட்கார்ந்திருக்கட்டும். உடம்பு, கடன், குடி, முந்தைய கல்யாணம் அல்லது பிள்ளை, வேலையின் உண்மை நிலை, விசுவாசம், இவற்றை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு வேண்டாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேட்டு நச்சரிக்காமல், வெளியில் பேசாமல் விட்டுவிடும் பொறுப்பு பெரியவர்களுடையது. எங்கள் பங்கில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மற்ற பங்குகளில் இருப்பவர்களும் கேளுங்கள்.

என்னைப் போல வரன் சொல்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். மறைத்துச் சொல்லும்படி யாராவது கேட்டால் அந்த வரனை எடுக்காதீர்கள். நான் எடுப்பதில்லை, அதனால் சில வீடுகளில் பேச்சு வார்த்தை நின்றுபோயிருக்கிறது, அது பரவாயில்லை.

அந்த வலிப்புப் பையனும் பெண்ணும் பிரியவில்லை. சேர்ந்துதான் டாக்டரிடம் போகிறார்கள், மாத்திரை அதற்குரிய அட்டையிலேயே சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. மாமியாரோடுதான் அந்தப் பெண் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.